வாசலில் கட்டிய பச்சை

1893 ஏப்ரல் 22, சனிக்கிழமை. நியூயார்க்

கப்பல் இன்று காலை கரை சேர்ந்தது. சிங்காரவேலுவாகிய நான், நாகப்பட்டினம் துறைமுக ஆபீசில் இங்கிலீஷ் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவன், அமெரிக்க மண்ணை மிதித்தாகிவிட்டது. நம்பாதவர்களுக்குக் காட்டத்தான் இந்த நோட்டு.

சிகாகோ பட்டணத்தில் நடக்கப்போகிற உலகக் கண்காட்சியில் தேயிலைக் கடை போடுவதற்காக ஒரு கம்பெனி எங்கள் பதினொரு பேரைத் தலைப்பாகையோடு கூட்டி வந்திருக்கிறது. மற்றவர்கள் பரிமாற, நான் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி. வேடிக்கை என்னவென்றால் பதினொரு பேரில் ஒருவன்கூட ஊரில் தேயிலைத் தண்ணீரை வாயில் வைத்ததில்லை. எல்லாம் நீராகாரம் குடித்து வளர்ந்த வயிறுகள்.

இதில் ஒருவன் என் மைத்துனன் செல்வமுத்து. என் வீட்டுக்காரி தையல்நாயகிக்கு ஒரே தம்பி. வயது இருபத்திரண்டு. கல்யாணமாகி எட்டு மாதம். அவனை அழைத்துப்போக நான்தான் ஆசை காட்டினேன். கப்பல் ஏறும்போது தையல்நாயகி அழவில்லை, திட்டவும் இல்லை. "கூட்டிட்டுப் போறவரு நீங்க. திரும்பக் கொண்டாந்து என் கண்ணு முன்னாடி நிறுத்தணும்" என்று மட்டும் சொன்னாள். நிறுத்துகிறேன் என்றேன்.

இறங்குமுன் கப்பல் வைத்தியர் ஒவ்வொருவர் கையாகத் திருப்பி, நோய் தடுக்கக் குத்திய தழும்பு இருக்கிறதா என்று பார்த்து, அட்டையில் முத்திரை குத்திக் கொடுத்தார். நான்தான் மொழிபெயர்த்தேன். பதினொரு பேருக்கும் முத்திரை கிடைத்தது. ஒரு தடங்கலும் இல்லை.

மே 1, திங்கள். சிகாகோ

கண்காட்சி திறந்தார்கள். இந்த நாட்டின் தலைவரே வந்து ஒரு பொத்தானை அழுத்தினார். உடனே நீரூற்றெல்லாம் பீறிட்டது, எங்கேயோ எந்திரங்கள் உறுமின, கொடிகள் விரிந்தன. ஜனம் முண்டியடித்து எங்கள் கடை வாசலில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். செல்வமுத்து அவளுக்குத் தேயிலைத் தண்ணீர் கொடுத்தான். கண் விழித்தவள் அவன் தலைப்பாகையைப் பார்த்து மறுபடியும் மயங்கினாள்.

கட்டடங்கள் அத்தனையும் வெள்ளை. சலவைக்கல் என்று நினைத்தேன். விரலால் சுரண்டிப் பார்த்தான் செல்வமுத்து. "சுண்ணாம்புங்க அத்தான். நாரு போட்டுப் பூசியிருக்காங்க" என்றான்.

ஜூலை 10, திங்கள்

ஐஸ் வைக்கிற பெரிய கட்டடம் பற்றி எரிந்தது. கோபுரத்தின் உச்சியில் நெருப்பணைக்கிறவர்கள் நின்றார்கள். கீழேயிருந்து நெருப்பு ஏறி வழியை அடைத்துவிட்டது. ஒவ்வொருவராகக் குதித்தார்கள். ஆயிரக்கணக்கான ஜனம் பார்த்துக்கொண்டு நின்றது. நானும் நின்றேன். செல்வமுத்து மட்டும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடப் பார்த்தான். இடுப்பைப் பிடித்து இழுத்தேன். "யாராச்சும் போவணும்ல அத்தான்" என்று திமிறினான். நீ போய் என்னடா செய்வாய் என்று ஒரு அறை விட்டேன்.

இன்று முழுக்க அவன் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். உயிரோடு இருக்கிறானே.

அக்டோபர் 9, திங்கள்

சிகாகோவுக்கென்று விசேஷ நாளாம். ஏழு லட்சம் பேர் வந்தார்கள் என்கிறார்கள். கால் வீங்கிவிட்டது. எழுத முடியவில்லை.

அக்டோபர் 30, திங்கள்

கண்காட்சி முடிந்தது. வாணவேடிக்கை, ஊர்வலம், பிரசங்கம் என்று என்னென்னவோ சொல்லியிருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நேற்று முன்தினம் இந்தப் பட்டணத்து மேயரை அவர் வீட்டிலேயே ஒருவன் சுட்டுக் கொன்றுவிட்டான். கொடியை இறக்கினார்கள், எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். ஆறு மாதக் கலியாண வீடு ஐந்து நிமிஷத்தில் இழவு வீடாகக் கலைந்தது.

நவம்பர் 6, திங்கள்

மற்ற ஒன்பது பேரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். சாமான்களை மூட்டை கட்டி முடிக்கிறவரை துபாஷி இருக்க வேண்டும் என்று கம்பெனிக்காரர் என்னை நிறுத்திக்கொண்டார். துணைக்குச் செல்வமுத்து. டிசம்பர் 14ஆம் தேதி எங்களுக்கு ரயில், பிறகு நியூயார்க்கிலிருந்து கப்பல். அதுவரை கண்காட்சி மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில் கீகன் அம்மாள் என்கிற ஐரிஷ் விதவை வீட்டின் மாடி அறை.

அவளுக்கு நாற்பது வயதிருக்கும். கண்காட்சிக் கட்டடம் எழுப்பும்போது சாரத்திலிருந்து விழுந்து புருஷன் போய்ச் சேர்ந்தான். ஆறு வயதில் டீலியா என்று ஒரு பெண். கீகன் அம்மாள் பேசுவதை நம் ஊர்ப் பேச்சாகவே எழுதுகிறேன், என் காதில் அப்படித்தான் விழுகிறது. முதல் நாளே, "நீங்க அடுப்புல ஏதோ வெடிக்க விடுறீங்களே, அந்த நாத்தம் என் திரைச்சீலை எல்லாம் ஏறுது. அதை மட்டும் நிறுத்துங்க" என்றாள். கடுகு தாளிப்பதைச் சொல்கிறாள். நாற்றமாம். இவள் அவிக்கிற முட்டைக்கோஸை விடவா.

பட்டணமே சரியில்லை. பாங்குகள் மூடிக்கிடக்கின்றன. வேலையில்லாதவர்கள் நகரசபைக் கட்டடத்தின் நடைகளில் வரிசையாகப் படுத்துக் கிடக்கிறார்கள். நாங்கள் போய்விடுவோம், நமக்கென்ன.

நவம்பர் 20, திங்கள்

செல்வமுத்துவுக்குக் காய்ச்சல். இடுப்பு வலி என்கிறான். குளிர்தான். மிளகுக் கஷாயம் கொடுத்தேன்.

நவம்பர் 22, புதன்

காய்ச்சல் இறங்கவில்லை. பேச்சு குழறுகிறது. பெண்டாட்டி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். இடுப்பு முறிந்துவிட்டது போல் புரளுகிறான். குளிர் இப்படிச் செய்யுமா தெரியவில்லை.

நவம்பர் 23, வியாழன்

ஊரில் அநேகமாக இன்று கார்த்திகை விளக்கு. தையல்நாயகி வாசல் நிறைய அகல் வைத்திருப்பாள்.

காய்ச்சல் திடீரென்று இறங்கியது. அப்பாடா என்று முகத்தைத் துடைத்துவிட ஈரத்துணியோடு உட்கார்ந்தேன். நெற்றியில் சின்னச் சின்னதாக முத்து. கையைத் திருப்பினேன், உள்ளங்கையிலும்.

அவள் வந்துவிட்டாள். இந்த நோட்டில்கூட அந்தப் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் கோபிப்பாள்.

நவம்பர் 24, வெள்ளி

யாரிடமும் சொல்லக்கூடாது. இங்கே இதற்கென்று ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது. பட்டணத்துக்கு வெளியே, ஜெயில் பக்கத்தில். கறுப்பு வண்டி வந்து கொண்டுபோகும். கொண்டுபோனவர்களில் திரும்பி வந்தவனைப் பார்த்ததில்லை என்று கடையில் கூட வேலை செய்த வெள்ளைக்காரன் ஒருவன் சொல்லியிருக்கிறான். பாஷை தெரியாத பிள்ளையை அங்கே அனுப்பிவிட்டு நான் ரயில் ஏறுவதா. வீட்டில் வைத்துப் பார்த்தால் மூன்று தண்ணீர் ஊற்றி எழுப்பிவிடலாம். எங்கள் தெருவில் எத்தனை பேரை எழுப்பியிருக்கிறோம்.

முறையெல்லாம் சரியாகச் செய்கிறேன். தாளிப்பதை நிறுத்தினேன். கஞ்சி மட்டும். கண்காட்சியில் கண்ணாடி ஜாடியில் அடைத்து வைத்திருந்த மஞ்சள் கிழங்கை மூட்டையிலிருந்து எடுத்து இழைத்தேன். ஆறு மாதம் வெள்ளைக்காரர்கள் வேடிக்கை பார்த்த மஞ்சள், இப்போதுதான் உபயோகமானது.

இலைதான் இல்லை. வேப்பிலைக்கு எங்கே போவது? இந்த ஊர் மரமெல்லாம் மொட்டையாக நிற்கிறது. மைதானத்து ஓரத்தில் ஊசி ஊசியாக இலை உள்ள ஒரு மரம் மட்டும் பச்சையாக இருந்தது. கசக்கி வாயில் வைத்தேன், கசந்தது. போதும் என்று நாலு கொத்து ஒடித்து வந்தேன். இரண்டு அவன் தலைமாட்டில். ஒன்று எங்கள் அறைக் கதவில். ஒன்று கீழே தெருவாசலில், ஆணியில் மாட்டிக் கட்டினேன். வீட்டுக்குள் அவள் இருந்தால் வாசலில் இலை இருக்க வேண்டும். அதைப் பார்த்து அடுத்தவர்கள் உள்ளே வராமல் ஒதுங்கிப் போவார்கள். சொல்லாமலே சொன்ன மாதிரி. நம் கடமை அதுதான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், நெஞ்சை அறுக்கிறது. செல்வமுத்துவின் கையில் தழும்பு கிடையாது. ஊரில் கையில் குத்துகிறவர் வரும்போதெல்லாம் என் மாமியார் அவனை நெல் குதிருக்குள் இறக்கி மூடிவிடுவாள். அவன் மேல் கத்தி படக்கூடாது என்று நேர்த்திக்கடன். கப்பலில் வைத்தியர் அவன் கையைத் தடவிப் பார்த்து, "இவனுக்கு எங்கே?" என்று கேட்டார். அங்கேயே குத்திவிடத் தயாராகத்தான் இருந்தார். செல்வமுத்து என்னைப் பார்த்தான். "அம்மா சத்தியம் வாங்கியிருக்குங்க அத்தான்" என்றான். நான் வைத்தியரிடம், சின்ன வயதில் போட்டாயிற்று, தழும்பு மறைந்துவிட்டது என்றேன். என் இங்கிலீஷை மெச்சிக்கொண்டு முத்திரை குத்தினார்.

மொழிபெயர்ப்புக்காகத்தானே என்னைக் கூட்டி வந்தார்கள்.

நவம்பர் 26, ஞாயிறு

மனம் கொஞ்சம் லேசானது. தெருவாசலில் நான் கட்டிய கொத்துக்குக் கீகன் அம்மாள் ஒரு சிவப்பு நாடா கட்டியிருக்கிறாள். பார்த்ததும் நின்றுவிட்டேன். பச்சையும் சிவப்பும் வந்திருக்கிற தாய்க்கு உகந்தது. இவர்கள் ஊரிலும் இந்த வழக்கம் உண்டு போலிருக்கிறது, புரிந்துகொண்டுவிட்டாள். மாடிக்கு வருவதும் இல்லை. படியில் எதிரே வந்தவள் என்னைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தாள். நல்ல மனுஷி.

செல்வமுத்துவுக்கு முத்து முகம் முழுக்க இறங்கியிருக்கிறது. கண் திறக்க முடியவில்லை. வாய்க்குள்ளும் இருக்கிறது. கஞ்சியைத் துணியில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன்.

நவம்பர் 28, செவ்வாய்

கீகன் அம்மாள் மாடிக்கு வந்தாள்.

கதவைத் தட்டவில்லை. முழங்கையால் தள்ளிக்கொண்டு நுழைந்துவிட்டாள். ஒரு கையில் தட்டில் பழம் போட்ட கேக். பின்னால் டீலியா. நான் பாய்ந்து செல்வமுத்துவின் தலைவரை போர்வையை இழுத்து மூடினேன்.

"எத்தனை வருஷமா வாடகைக்கு விடுறேன். இவ்வளவு சீக்கிரம் கிறிஸ்துமஸுக்குப் பச்சை கட்டின ஆளை நான் பார்த்ததே இல்லை. நீங்க எங்க சாமியைக் கும்பிடறவங்க இல்லேன்னு நினைச்சேன். மனசு நெறைஞ்சு போச்சு. அந்த நாத்தமும் இப்பல்லாம் வர்றதில்லை" என்றாள்.

அவள் கட்டில் பக்கம் போகுமுன் குறுக்கே வந்து தட்டை வாங்கிக்கொண்டேன்.

"தம்பிக்கு என்ன?" என்றாள். ஜலதோஷம் என்றேன். "பாவம், இந்தக் குளிர் தாங்குமா உங்களுக்கு" என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போர்வைக்கு மேலேயே அவன் காலைத் தேய்த்துவிட்டாள். பிறகு மூலையில் உருவிப் போட்டிருந்த அவன் படுக்கை விரிப்புகளைப் பார்த்தாள். வாரிச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டாள். "நாளைக்கு என் துணியோட போட்டுத் துவைச்சுத் தர்றேன். ஆம்பளைங்க ரெண்டு பேரு, உங்களுக்கு என்ன தெரியும்" என்றாள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

ஐந்து நிமிஷம்தான் இருந்திருப்பாள். வாசலில் இலை கட்டியிருக்கிறேன். அதற்குமேல் ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும்.

நவம்பர் 30, வியாழன்

இன்று இவர்களுக்கு நன்றி சொல்லும் பண்டிகை. வான்கோழி வறுத்ததில் ஒரு தொடையையும் துவைத்த விரிப்புகளையும் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். விரிப்பில் கஞ்சி போட்டு மடித்திருக்கிறாள்.

டிசம்பர் 2, சனி

இரண்டு நாளாக அவன் நான் சொல்வதைக் கேட்கிற நிலையில் இல்லை. முத்தெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டது. முகம் முகமாக இல்லை. அவனை அறைந்த கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மாமியாரைத் திட்டினேன், அவனை ஒளித்த நெல் குதிரைத் திட்டினேன், கப்பல் வைத்தியரைத் திட்டினேன். திட்டாமல் விட்டது ஒரு ஆளைத்தான்.

தாயே, என்னை எடுத்துக்கொள். என் கையில் தழும்பு இருக்கிறது, உனக்குப் பிடிக்காது என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். இவன் அக்காள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்.

டிசம்பர் 5, செவ்வாய்

முத்து கருக்கத் தொடங்கியது. "பசிக்குதுங்க" என்றான். அந்த ஒரு சொல்லுக்கு நான் அழுத அழுகை கீழே கேட்டிருக்கும். முதல் தண்ணீர் ஊற்றினேன்.

டிசம்பர் 9, சனி

மூன்றாம் தண்ணீர். இந்த மஞ்சளும் இலையும் போட்டு வெந்நீர் வைத்து, பிள்ளையை உட்காரவைத்து ஊற்றினேன். பொருக்கு உதிர்கிறது. முகத்தில் குழி விழுந்திருக்கிறது, கண் இரண்டும் தப்பித்தன. பதினான்காம் தேதி ரயில். காதுவரை துப்பட்டி சுற்றித் தொப்பியை இறக்கிவிட்டால் யாருக்குத் தெரியும். கொண்டுபோய் நிறுத்திவிடுவேன் தையல்நாயகி.

மாடிக்குச் சுள்ளி கொண்டுவந்த டீலியா, "அம்மா எந்திரிக்கல. இடுப்பு வலிக்குதாம்" என்றாள்.

டிசம்பர் 10, ஞாயிறு

குளிர்தான். துவைத்துத் துவைத்து ஈரத்தில் நிற்கிறாள்.

டிசம்பர் 11, திங்கள்

காய்ச்சல் என்கிறாள் டீலியா. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுக் குளிர்க் காய்ச்சல், ஊரெல்லாம் இருக்கிறது என்று சொல்லிப் போனாளாம். பார்த்தீர்களா. நான் சொன்னதும் அதுதான்.

டீலியாவின் சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் குத்தியிருக்கிறார்கள், அழகான வட்டத் தழும்பு. கீகன் அம்மாளுக்கு உண்டா என்று கேட்டேன். "அம்மாவுக்குக் கத்தின்னா பயம்" என்றது குழந்தை.

டிசம்பர் 12, செவ்வாய்

இன்று காலை நான் சாமான் கட்டுகிற நேரம் பார்த்துச் செல்வமுத்து கீழே இறங்கிப் போய்விட்டான். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தான்.

"அந்தம்மாவுக்கு முத்து போட்டிருக்குங்க" என்றான். "நெத்தியில. கையில. எனக்கு வந்த மாதிரியேதான்."

நான் பெட்டிக்குக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தேன்.

"அவங்ககிட்ட சொன்னீங்களா அத்தான்?"

"வாசல்ல இலை கட்டியிருந்தேன்டா."

"அது அவங்களுக்குத் தெரியுமா?"

"செவப்பு நாடா கட்டினாங்களே. நான் என்ன நினைக்கிறது?"

"அது கிறிஸ்துமஸுக்குன்னு இங்கே வந்து சொன்னாங்கல்ல, அந்த ஒரு வார்த்தை எனக்கும் புரியும். போர்வைக்குள்ள நான் முழிச்சிக்கிட்டுதான் இருந்தேன். அவங்க போனப்புறம் நீங்க அந்தக் கேக்கை சன்னல் வழியா வீசினீங்க, அதுவும் காதுல விழுந்துச்சு."

கேக்கை வீசியதை இந்த நோட்டில் நான் எழுதவில்லை. அவள் இருந்தது ஐந்து நிமிஷம் என்று எழுதியிருக்கிறேன், அரை மணி இருந்தாள். வேண்டாம் என்று ஒரு தடவைதான் சொன்னேன், அதுவும் தொண்டைக்குள். அவள் விரிப்பை அணைத்துக்கொண்டு படியிறங்குவதைக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே போய்ச் சேர இருபது படி. ஒவ்வொரு படியிலும் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் வண்டி வரும், அவனைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று நின்றேன்.

இதைத்தான் அவனிடம் சொன்னேன். "உனக்காகத்தான்டா."

"தெரியுதுங்க."

"நாளன்னிக்கு ரயிலு. உங்கக்காகிட்ட உன்னைக் கொண்டுபோய் நிறுத்தறேன்னு சொல்லியிருக்கேன்."

"நிறுத்துவீங்க. முகத்துல என்னடா இதுன்னு கேக்கும். வீட்டுல வச்சுப் பாத்தது யாருன்னு கேக்கும். அந்தம்மா எப்படி இருக்காங்கன்னு கேக்கும். அதுக்கு மட்டும் நான் பதில் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லுங்க" என்றான். எழுந்து கஞ்சிச் சட்டியை எடுத்துக்கொண்டு மறுபடியும் கீழே போனான். நான் தடுக்கவில்லை.

டிசம்பர் 13, புதன்

விடிந்ததும் நகரசபைக் கட்டடத்துக்குப் போனேன். நடையெல்லாம் ஆட்கள் படுத்திருந்தார்கள், தாண்டித் தாண்டி நடந்தேன். சுகாதார ஆபீசில் மேஜைக்குப் பின்னால் ஒருவர் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். என்ன என்றார். எட்டு மாதம் இந்த ஊரில் எல்லோருக்கும் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தவன் நான். வாய் வரவில்லை. மறுபடியும் என்ன என்றார்.

ஸ்மால்பாக்ஸ் என்றேன்.

பெரியம்மை. எழுதிவிட்டேன். கோபித்துக்கொள்கிறவள் கோபித்துக்கொள்ளட்டும்.

மத்தியானம் கறுப்பு வண்டி வந்தது. இன்ஸ்பெக்டர் கீகன் அம்மாளைப் பார்த்தார், பிறகு மாடியேறி வந்து செல்வமுத்துவின் முகத்தைப் பார்த்தார். "எத்தனை நாளாச்சு?" என்றார். இருபது நாள் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார், அதைச் சாகிறவரை மறக்கமாட்டேன். பொருக்கு முழுக்க உதிர்கிறவரை இவனும் ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும் என்றார். கப்பல் இருக்கிறது என்றேன். கப்பலா என்று கேட்டார், அவ்வளவுதான்.

வண்டிக்காரன் உள்ளே வர மாட்டேன் என்று நின்றான். செல்வமுத்துதான் கீகன் அம்மாளைப் போர்வையோடு தூக்கினான். இருபது நாள் கஞ்சியில் கிடந்த உடம்பு, தள்ளாடியது. நான் கை கொடுக்கப் போனேன். "நீங்க புள்ளையப் புடிச்சுக்கங்க" என்றான். டீலியா கதறிக்கொண்டிருந்தாள்.

வாசலைத் தாண்டும்போது கீகன் அம்மாள் கண்ணைத் திறந்து கொத்தைப் பார்த்தாள். "அதை எடுத்துடாதீங்க. குழந்தைக்குப் பண்டிகைக்கு இருக்கட்டும்" என்றாள், என்னிடம். என்னிடம்தான் சொன்னாள்.

வண்டியில் ஏற்றிவிட்டு அவனும் ஏறிக்கொண்டான். தண்ணீர் வேணுமான்னு கேக்க என்ன சொல்லணும் அத்தான் என்று கேட்டான். சொல்லிக்கொடுத்தேன். வலிக்குதான்னு கேக்கறதுக்கு? அதையும் சொன்னேன். இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். அவனைப் பிடித்து இழுக்க இந்தத் தடவை எனக்கு உரிமை இல்லை.

இன்ஸ்பெக்டர் வாசலில் இருந்த கொத்தைப் பிய்த்துத் தெருவில் போட்டார். அதே ஆணியில் மஞ்சள் அட்டையை மாட்டினார். பெரியம்மை என்று பெரிய எழுத்தில். தெருவில் போகிற யாரும் படிக்கலாம்.

டிசம்பர் 14, வியாழன்

ரயில் போய்விட்டது.

டிசம்பர் 18, திங்கள்

நானும் குழந்தையும் உள்ளே, அட்டை எடுக்கிறவரை வெளியே வரக்கூடாது. வாசலில் ஒரு காவலாள். டீலியாவின் சித்தி தெருமுனையிலிருந்தே கையசைத்துவிட்டு ரொட்டியை வைத்துப் போகிறாள். டீலியாவுக்குத் தலை வாரத் தெரியாமல் வாரிவிட்டேன். கஞ்சி பிடிக்கவில்லை என்றாள். கடுகு தாளித்து ஊற்றினேன், குடித்தாள். "அம்மா வந்தா திட்டுவாங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. தையல்நாயகிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். "சௌக்கியம்" என்ற முதல் வார்த்தையோடு நிற்கிறது.

டிசம்பர் 21, வியாழன்

இந்தத் தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் மஞ்சள் அட்டை. ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போன பக்கத்து வீட்டுக்காரி வீடு.

டிசம்பர் 24, ஞாயிறு

காலையில் காவலாள் கதவுக்கு வெளியே நின்றே சொன்னான். கீகன் அம்மாள் நேற்றுப் போய்விட்டாள். "உன் ஆள் நல்லா இருக்கான். கடைசிவரைக்கும் அவன்தான் பக்கத்துல இருந்தானாம். இப்ப அந்த வார்டுல பதினாலு பேரைப் பார்த்துக்கறான். அங்கே வேலைக்கு ஆளே வரமாட்டேங்கறாங்க, அவனைக் கொஞ்ச நாள் அங்கேயே விடுவியான்னு டாக்டர் உன்கிட்ட கேக்கச் சொன்னாரு" என்றான். நான் விட என்ன இருக்கிறது. அவனே முடிவு செய்துகொள்வான் என்று சொல்லி அனுப்பினேன். தையல்நாயகி, உன் தம்பி பிழைத்துவிட்டான். உன் கண் முன்னாடி நிறுத்துகிற வேலை என் கையை விட்டுப் போய்விட்டது.

டீலியா ஜன்னலோரம் நாற்காலியில் மண்டிபோட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றுப் பனி பெய்து எல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. எதிர்வரிசையில் ஒவ்வொரு வாசலிலும் பச்சைக் கொத்து, சிவப்பு நாடா. "பதினேழு" என்று எண்ணிச் சொன்னாள். நானும் பார்த்தேன். பண்டிகை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பதினேழு வீட்டிலும் உள்ளே ஒருவர் கண் திறக்க முடியாமல் படுத்திருப்பது போலவே எனக்குப் பட்டது.

"நம்ம வாசல்ல மட்டும் இல்லை" என்றாள். "அம்மா வர்றப்போ வீடு தெரியாமப் போயிடும். இன்னொண்ணு ஒடிச்சுக் கட்டலாமா?"

அவளை நாற்காலியிலிருந்து இறக்கி எதிரே உட்காரவைத்தேன். சித்தி வந்து சொல்லட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அட்டை எடுக்கிறவரை பொறுக்கலாம், பண்டிகை கழியட்டும் என்றும் நினைத்தேன். எனக்கு இந்த மாதிரி யோசனைக்குப் பஞ்சமே இல்லை.

அம்மா செத்துப்போய்விட்டாள் என்று இங்கிலீஷில் சொன்னேன். அவளுக்குப் புரிகிற வார்த்தையில் சொன்னேன். புரியவில்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன். அதோடு விடவில்லை. அந்த நோய் யாரிடமிருந்து வந்தது, எந்தத் துணியில் வந்தது, நான் எங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். வாசலில் எதற்காகக் கட்டினேன் என்பதையும் சொன்னேன்.

அழுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அது கிறிஸ்துமஸுக்குக் கட்டினது இல்லையா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.